சுற்றுவழி

காலை. நீரின் மேல் பனிப்புகை. அக்கரை இல்லை.

சற்று நேரத்தில் ஒரு மரத்தின் உச்சி வருகிறது. பிறகு அதன் பாதி உடல். பிறகு கரை.

*

குளிர் முதலில் காதுமடலில் தெரிகிறது. பிறகு விரல்நுனியில். மூச்சு வெளியே போவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. உள்ளே வருவதைப் பார்க்க முடியவில்லை.

*

பரம்பிக்குளம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, முதலமடைப் பஞ்சாயத்து.

மூன்று அணைகள் பக்கம்பக்கமாக. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம். மண் கேரளத்தினுடையது. அணைகளைப் பராமரிப்பதும் ஷட்டரைத் தூக்குவதும் தமிழ்நாட்டின் வேலை. காடு கேரள வனத்துறையிடம். 2010 முதல் புலிகள் காப்பகம்.

நீர் இதில் எதையும் அறியாமல் கிடக்கிறது.

*

எங்கோ சீகாரப் பூங்குருவி. விசிலடிக்கத் தொடங்கி, பாதியில் மறந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

அது நின்றபின் காது அங்கேயே நிற்கிறது.

*

அணைச் சுவரில் அளவு குறித்திருக்கிறது. முழு ஆழம் 72 அடி. நிரம்பினால் 17.82 டி.எம்.சி. கீழே பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் இந்த அடிக்கணக்கைக் காலைப் பேப்பரில் முதலில் தேடுகிறவர்கள் உண்டு. தென்னைக்கு அடுத்த நனைப்பு எப்போது என்பது அதில் இருக்கிறது.

இங்கே கரையில் இருப்பவர்கள் எண்ணைப் பார்ப்பதில்லை. எந்தப் பாறை மூழ்கியிருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

*

நீர் இறங்கியிருக்கிறது. கரையைச் சுற்றி ஒரு செம்மண் பட்டை. அதில் இளம்புல். புல்லில் புள்ளிமான்கள். ஒன்று தலை தூக்குகிறது. எல்லாம் தூக்குகின்றன.

ஒன்றுமில்லை.

எல்லாம் குனிகின்றன.

*

நீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள். கிளைகள் இல்லை. அணை நிறைந்தபோது இருந்த இடத்திலேயே நின்றுவிட்டவை. நுனியில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைக்கிறது. வெகுநேரம் அப்படியே.

பார்த்துக்கொண்டிருக்கும் தோளில் வலி.

*

காடர் காலனி. எர்த் டேம் காலனி. பி.ஏ.பி. காலனி. சுங்கம். கடவு. அஞ்சாம் காலனி. குரியார்குட்டி. கச்சித்தோடு. தேக்கடி. அல்லிமூப்பன்.

பெயர்களை மெல்லச் சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. காடர், மலசர், மலமலசர், முதுவர். இவர்களோடு, அணை கட்ட வந்தவர்களின் பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள்.

*

ஒரு காடர் பாட்டி வாசலில் உட்கார்ந்து நன்னாரி வேரை உதறிக்கொண்டிருக்கிறார். மண் உதிர்கிறது. மணம் எழுகிறது. மணம் வந்ததும் வேறு நினைவு எதுவும் நிற்கவில்லை.

"பழைய ஊரு எங்கே பாட்டி?"

அவர் கை நீரைக் காட்டுகிறது. கரையை அல்ல, நடுவை. காட்டிவிட்டு வேருக்குத் திரும்புகிறது.

*

1952இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு புத்தகம் வெளியிட்டது. ஆஸ்திரிய மானிடவியலாளர் எரன்ஃபெல்ஸ் எழுதியது. கொச்சிக் காடர்களைப் பற்றியது. கணவன் மூங்கிலைச் சீவிச் செதுக்கித் தரும் சீப்பைப் பெண்கள் கொண்டையில் செருகியிருந்த காலம். இந்தப் பள்ளத்தாக்கில் அப்போது ஏரி இல்லை. ஆறு இருந்தது.

அந்தப் புத்தகம் எங்கோ ஒரு நூலக அலமாரியில் இருக்கும். பழந்தாள் வாசனையோடு. அதில் வரும் காட்டுவழிகளில் எத்தனை இப்போது நீருக்கடியில்?

கேள்வி வருகிறது. போகிறது. பிடித்து வைக்கவில்லை.

*

பாட்டியின் கொண்டையில் பிளாஸ்டிக் கிளிப். பச்சை நிறம்.

*

ஏரிக்கு முன்னும் இங்கே ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். கொச்சி அரசின் வன டிராம்வே சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை ஏறி வந்தது. தேக்கும் வீட்டி மரமும் அதில் இறங்கிப் போயின. 1963இல் நின்றது. குரியார்குட்டியில் அதன் எச்சம் இன்னும் இருக்கிறது. சாலிம் அலி 1933இல் அங்கே தங்கித்தான் பறவைகளைப் பார்த்தார்.

மரம் மேற்கே போனது. பிறகு நீர் கிழக்கே போகிறது.

*

தேக்குத் தோட்டம். மரங்கள் வரிசையில் நிற்கின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோடு. நடந்தால் கோடுகள் திறந்து மூடுகின்றன. காலடியில் பெரிய காய்ந்த இலைகள், ஒவ்வோர் அடிக்கும் ஓர் ஒலி. நின்றால் காடு முழுவதும் நின்றுவிடுகிறது.

தோட்டம் முடியும் இடத்தில் வரிசை இல்லாத காடு. அங்கே ஒலி மாறுகிறது. காற்றும் ஈரமாகிறது.

*

டீக்கடை. கட்டன் சாயா. கண்ணாடி டம்ளர் கையைச் சுடுகிறது. கை விடவில்லை.

பேச்சு தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிகிறது. யாரும் எல்லையைக் கவனிக்கவில்லை.

*

ஒப்பந்தத் தாளை நினைத்துக்கொள்கிறேன். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம். இரு மாநிலங்களும் கையெழுத்திட்டது 1970 மே 29. நடைமுறைக்கு வந்ததாகக் கொண்ட நாள் 1958 நவம்பர் 9. முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபார்வை.

கையெழுத்துக்கு முன்பே நீர் நடக்கத் தொடங்கிவிட்டது.

தாளில் டி.எம்.சி. இருக்கிறது. ஆறுகளின் பெயர் இருக்கிறது. கரையில் இருப்பவர்களின் பெயர் அந்தக் கணக்கில் வருவதில்லை. மனம் இதில் கொஞ்சம் தங்குகிறது. தங்கட்டும்.

*

நீர் எங்கிருந்து வருகிறது?

வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறு. தமிழ்நாட்டின் பெருமழை இடங்களில் ஒன்று. அங்கே நீராறு. நீராற்றிலிருந்து சோலையாறு. சோலையாற்றிலிருந்து, வழியில் மின்சாரம் தந்துவிட்டு, இங்கே. தேயிலைச் சரிவில் பெய்த மழை தேக்கு நிழலில் வந்து நிற்கிறது.

எங்கே போகிறது?

தானாகப் போக விட்டால் மேற்கே போகும். பரம்பிக்குளம் ஆறு சாலக்குடி ஆற்றில் சேரும். பெரிங்கல்குத்து, வாழச்சால், அதிரப்பள்ளி, பிறகு கடல்.

இப்போது போவது மலைக்குள்ளே. ஒரு சுரங்கம் அதைத் தூணக்கடவுக்குக் கொண்டுபோகிறது. இன்னொரு சுரங்கம் தூணக்கடவிலிருந்து மலையைத் துளைத்து சர்க்கார்பதிக்கு. அங்கே மின்நிலையம். விழுந்து, சுழன்று, ஒளியைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறது. பிறகு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு காண்டூர் கால்வாயில் மலையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டே திருமூர்த்தி அணைக்கு. அங்கிருந்து நான்கு மண்டலங்களுக்கு, முறைவைத்து. 3.77 லட்சம் ஏக்கர். உடுமலை, பல்லடம், காங்கயம். மறு பங்கு ஆழியாற்றுக்கு.

ஆழியாற்றிலிருந்து ஒரு பகுதி மறுபடி கேரளத்துக்குத் திரும்புகிறது. மணக்கடவு தடுப்பணையில் அளந்து, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. எல்லை தாண்டியதும் அது சித்தூர்ப்புழை. பிறகு பாரதப்புழை. பொன்னானியில் கடல்.

சித்தூர். இந்த ஏரி இருப்பதும் சித்தூர் தாலுகாதான்.

தன் தாலுகாவின் வயலுக்குப் போக, நீர் அடுத்த மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது.

*

கரையில் உட்கார்ந்து இதை நினைக்கையில் ஏரி அசையாமல் இருக்கிறது. அடியில் எங்கோ இழுவை இருக்கும். மேலே ஓர் இலை. நகர்கிறதா என்று பார்க்கிறேன்.

இலை நிற்கிறது. அல்லது கண் நகர்கிறது.

*

ஆட்களுக்கும் அதே வழி.

முதலமடைப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்றால் முதலில் கிழக்கே போக வேண்டும். ஆனப்பாடி. டாப்சிலிப். சேத்துமடை. ஆனைமலை. பிறகு மேற்கே திரும்பி கோவிந்தாபுரம். பிறகு முதலமடை. தன் மாவட்டத்திலிருந்து புறப்பட்டு, வேறு மாநிலத்தைக் கடந்து, தன் மாவட்டத்துக்கே வந்து சேர வேண்டும். நெடுங்காலமாக வாகனம் போக இருந்த சாலை இது ஒன்றுதான்.

நேராகப் பார்த்தால் மலைக்குக் கீழேயே செம்மணாம்பதி. பறவைக்கு அது கொஞ்ச நேரம்.

*

2020. நோய்க்காலம். எல்லைகள் மூடுகின்றன. மூடிய எல்லை இரண்டு மாநிலங்களைப் பிரிக்கும். இங்கே அது ஒரு பஞ்சாயத்தை இரண்டாகப் பிரிக்கிறது.

அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி. பரம்பிக்குளத்துத் தேக்கடியின் ஊர்க்காரர்கள் மண்வெட்டியும் கொடுவாளும் எடுத்துக்கொண்டு செம்மணாம்பதிப் பக்கம் தாங்களே வழி வெட்டத் தொடங்குகிறார்கள்.

கேட்டுக் கேட்டுச் சலித்த கைகள். அந்தக் கைகளை நினைக்கும்போது தொண்டையில் ஏதோ அடைக்கிறது.

பிறகு புலியின் நினைவும் வருகிறது. வழி என்று ஒன்று வந்தால் அதில் எல்லாமும் வரும். லாரி, விளக்கு, இரைச்சல். காடு அதன் பிறகு அந்தக் காடாக இருக்காது.

பிரசவ வலியில் இருக்கும் ஒரு பெண், ஜீப்பின் பின்னிருக்கையில், மலைவளைவுகளில், இரவில்.

இரண்டும் ஒரே நேரத்தில் மனதில் நிற்கின்றன. ஒன்று மற்றொன்றைத் தள்ளவில்லை.

நீருக்காக மலையைத் துளைத்தபோது இப்படி நின்று யோசித்தார்களா? அதையும் கேட்டுக்கொள்கிறேன்.

*

காற்று. ஏரியின் ஒரு மூலை மட்டும் சுருங்கி விரிகிறது. மற்ற இடமெல்லாம் கண்ணாடி.

*

தேக்கடி என்று இடுக்கியிலும் ஓர் ஊர். அது ஊருக்கெல்லாம் தெரிந்த தேக்கடி. அங்கேயும் ஏரி. அங்கேயும் நீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே போகிறது, 1895 முதல். அங்கே கரையில் மன்னான்களும் பளியர்களும். இங்கிருந்து வடக்கே, இதே பாலக்காடு மாவட்டத்துக் காட்டில் சிறுவாணி. கோவை குடிக்கும் நீர்.

தெற்கே, நடுவே, வடக்கே. மலைமுகட்டில் வரிசையாக நீர்நிலைகள். ஒவ்வொன்றின் கரையிலும் சில வீடுகள். அந்த வீடுகளில் அடுப்பு எரியும் நேரம் இது.

*

புகை வாசனை. ஈர விறகு.

ஒரு வாசலில் குழாய். அதன் கீழே வரிசையாகக் குடங்கள். குழாயில் இன்னும் நீர் வரவில்லை. குடங்களுக்குப் பின்னால், வீட்டுச் சுவருக்கு அப்பால், ஏரி.

பார்வை குடத்திலிருந்து ஏரிக்குப் போகிறது. ஏரியிலிருந்து குடத்துக்கு வருகிறது.

*

மதியம். வெயில் நீரில் விழுந்து கண்ணில் எழுகிறது. இமை மூடினால் உள்ளே சிவப்பு. சிவப்புக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி மிதக்கிறது. அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால் விலகுகிறது. விட்டுவிட்டால் நடுவுக்கு வருகிறது.

*

மூங்கில் தெப்பத்தில் ஒருவர் வலையை இழுக்கிறார். இழுக்கும் ஒலி இல்லை. நீர் சொட்டும் ஒலி மட்டும் கரைவரை வருகிறது, கொஞ்சம் தாமதமாக.

அந்தப் பக்கத்துச் சேற்றில் ஒரு முதலை. முதலில் கட்டை. பிறகு முதலை. பிறகு மறுபடி கட்டை.

தெப்பக்காரர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்க்காமல் இருக்க முடியாது. இருந்தும் கை நிற்கவில்லை.

*

தலைக்கு மேல் பெரிய இருவாச்சி. உருவத்துக்கு முன்பே இறக்கையின் இரைச்சல் வருகிறது, கொல்லன் துருத்தி போல. இரண்டாவது இரைச்சல். இணை.

பிறகு வெகுநேரம் வானம்.

*

2022 செப்டம்பர் 21. விடியலுக்கு முந்தைய இருட்டு.

பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது பெயர்ந்து போகிறது. நீர் வெளியே பாய்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 20,000 கன அடி. சாலக்குடிக் கரைகளுக்கு எச்சரிக்கை போகிறது. பெரிங்கல்குத்தில் மதகுகளைத் திறக்கிறார்கள்.

பொள்ளாச்சியில் விவசாயிகள் கலங்கிப் போகிறார்கள். அவர்களுடைய கோடைக்கான நீர். அந்தக் கலக்கமும் உண்மை. காய்ந்த தென்னந்தோப்பைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

அந்த நாட்களில் நீர் தன் பழைய ஆற்றில் ஓடியது. வாழச்சாலைக் கடந்தது. அங்கேயும் காடர் ஊர்கள். இங்கே இருப்பவர்களின் உறவுகள். இந்த வெள்ளம் எங்கிருந்து வருகிறதென்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது புது ஷட்டர். வண்ணம் இன்னும் புதிது. அதன் அடியில் எங்கோ ஒரு கசிவு. சொட்டு. இடைவெளி. சொட்டு.

எண்ணத் தொடங்கி, விட்டுவிடுகிறேன்.

*

பள்ளி விட்ட நேரம். நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகச் சிறு பிள்ளைகள். ஒரு பெண்பிள்ளை நடு வழியில் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்க்கிறாள். பையில் போட்டுக்கொள்கிறாள். கொஞ்ச தூரம் போய் அதை எடுத்து வேறோர் இடத்தில் வைக்கிறாள்.

மேல்வகுப்புப் பிள்ளைகள் பலர் கீழே, விடுதிகளில். சனிக்கிழமைகளில் சில வீடுகளில் கூடுதலாக ஒரு தட்டு இருக்கும்.

*

மாலை. சாலையோரத்தில் காட்டுமாடு ஒன்று. கால்களில் வெள்ளை உறை போட்டதுபோல் நிறம் மாறும் இடம் துல்லியமாக. நிற்கிறது. பார்க்கிறது. அதன் மூச்சு கேட்கிறது.

நானும் நிற்கிறேன். பயம் வயிற்றில் சின்னதாய் உருள்கிறது. அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அது சாலையைக் கடக்கிறது. அவசரம் இல்லை. எந்தச் சோதனைச்சாவடியும் இல்லை.

*

இருட்டு. வனச்சாலையில் இனி வண்டிகள் இல்லை. காலனியில் சில மின்விளக்குகள். ஒரு வீட்டில் தொலைக்காட்சி. தமிழ்ப் பாட்டு, மலையாள விளம்பரம்.

தூரத்தில் பட்டாசு ஒலி. யானை இருக்கும். நாய்கள் குரைத்து அடங்குகின்றன.

ஏரி இருக்கும் திசையில் இருட்டு இன்னும் கொஞ்சம் கனம்.

*

தூக்கம் வரவில்லை. வராததில் தவறு ஒன்றும் தெரியவில்லை.

காதில் ஓர் இரைச்சல். சுரங்கத்தில் ஓடும் நீர் இங்கே கேட்காது என்று தெரியும். அது என் ரத்தத்தின் ஒலியாக இருக்கலாம். இருந்தாலும் நீர் என்று நினைத்தால் நீர்.

*

காலைப் பேருந்து. பொள்ளாச்சி போகிறது. கம்பி சில்லென்று இருக்கிறது.

முன்னிருக்கையில் ஒரு பெண். மடியில் பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே ரேஷன் கார்டு, ஒரு விண்ணப்பம், சில நகல்கள். வீட்டுக் கூரைக்கான பணம் பாதியில் நிற்கிறது. முதலமடையில் ஒரு கையெழுத்து வேண்டும்.

ஆனப்பாடியில் சங்கிலியை இறக்குகிறார்கள். டாப்சிலிப்பில் யாரோ ஏறுகிறார்கள். வளைவுகளில் அந்தப் பெண் ஃபைலை இரு கையாலும் பிடித்துக்கொள்கிறார். சேத்துமடை. வெயில் திடீரென்று வேறு வெயில். தென்னை, தென்னை, தென்னை. வாய்க்காலில் நீர் ஓடுகிறது. பேருந்தின் கூடவே கொஞ்ச தூரம்.

ஆனைமலை. மாசாணியம்மன் கோயிலுக்கு வந்த கூட்டம். நீதி கேட்டு மிளகாய் அரைத்துப் பூசும் கோயில். அந்தப் பெண் ஜன்னல் வழியே கையெடுத்துக் கும்பிடுகிறார்.

இங்கே இறங்கி வேறு பேருந்து பிடிக்க வேண்டும். ஊருக்கு வெளியே ஆழியாறு. அதற்கப்பால் எல்லை.

"அண்ணா, கோவிந்தாபுரம் பஸ் எப்போ?"

"இப்பத்தான் ஒண்ணு போச்சும்மா."

"அடுத்தது?"

கண்டக்டர் மணி பார்க்கிறார். அந்தப் பெண் விரல்விட்டு எண்ணுகிறார். பஸ்ஸுக்கு இவ்வளவு, நடைக்கு இவ்வளவு, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும், திரும்பும் பேருந்து தவறினால் இரவு கீழேதான்.

"மத்தியானத்துக்குள்ள போயிரலாம்ல?"